மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை நிறுத்தியதும் வருவது 'தேங்கிய கெட்ட ரத்தமா'?

கேள்வியில் தைப்பூசம் என்ற சொல்லே இல்லை. ஆனால் ஜனவரி மாதத்தில் ஒரு பெண் "மாத்திரையை நிறுத்தினால் எத்தனை நாளில் வரும், உள்ளே தேங்கிய கெட்ட ரத்தம் மொத்தமாகக் கொட்டுமா" என்று கேட்டால் எனக்குப் புரியாதா? பால்குடமோ காவடியோ நேர்ந்திருப்பீர்கள். வீட்டில் யாரோ பெரியவர் பயமுறுத்தியிருப்பார். இல்லை, கல்யாணத்துக்காகத்தான் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எதுவும் தேங்குவதில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மீதியெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

நான் டாக்டர் இல்லை. மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம் (எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையின் லேப்பில் எண்ணெய் சோதிக்கிறேன். "டாக்டர் இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை" என்று எழுதப்போகிறவர்கள், டாக்டர் இல்லாத என் பெரியம்மாவிடமும் அன்று இதைக் கேட்டிருக்கலாம்.

எனக்கு அப்போது 29 வயது. கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். தேதி இடித்தது. டவுன் கிளினிக்கில் நோரெதிஸ்டரோன் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். வர வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பித்து, தினம் மூன்று வேளை, பூசம் முடியும் வரை. ஒழுங்காகத்தான் போட்டுவந்தேன். திங்கள் இரவு பெரியம்மா வந்து ஸ்ட்ரிப்பைப் பார்த்துவிட்டு, "போதும்டி, உடம்பு சூடு. இவ்வளவு நாள் அடைத்தது போதாதா, ரெண்டு நாளில் ஒன்றும் வந்துவிடாது" என்றார். நிறுத்திவிட்டேன். பூசம் வியாழக்கிழமை.

விடியற்காலை ஆற்றங்கரையில் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, செம்பில் பால் ஊற்றி வாயைத் துணியால் கட்டியாயிற்று. தலையில் ஏற்றும் நேரத்தில் தெரிந்துவிட்டது. அண்ணியைப் பார்த்தேன். அண்ணிக்குப் புரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கும் புரிந்ததுதான் கஷ்டம். "பார்த்தியா, அடைத்து வைத்த கெட்ட ரத்தம் பொங்கிடுச்சு" என்று நாலு குடும்பம் கேட்கும்படி சொன்னார். என் பால்குடம் அண்ணியின் தலைக்குப் போனது. நான் கோயிலுக்கு வெளியே, ஒன்பது பேருடைய செருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கடையின் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அந்த 272 படியும் தெரிந்தது.

அந்தக் 'கெட்ட ரத்தம்' ரொம்ப வருடம் மனதில் அரித்தது. அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் விஷயம் விளங்கியது. விடுமுறையில் வந்தவள் ஐந்தடியில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன். "அத்தை, உங்க ஆலை உதிரிப் பழம் கதைதான் இது" என்று ஆரம்பித்தாள்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு உதிரி தெரியும். குலை பழுத்தால் பழம் தானாகக் கீழே விழும். தரையில் கிடக்கும் உதிரியைப் பார்த்துத்தான் குலையை வெட்டுவார்கள். பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயு ஹார்மோனாக வேலை செய்து, பழமும் காம்பும் சேரும் இடத்துச் செல்களை ஒரு நொதியை (என்சைம்) செய்ய வைக்கிறது. அந்த நொதி செல்களை ஒட்டிவைத்திருக்கும் பசையைக் கரைக்கும், பழம் கழன்றுவிடும். யாரும் உலுக்க வேண்டியதில்லை.

கருப்பையின் உட்சுவரிலும் வெட்டுவது நொதிதான். ஆனால் கட்டளை தலைகீழ். செம்பனையில் ஹார்மோன் வந்தால் உதிரும், இங்கே ஹார்மோன் போனால் உதிரும். சினைமுட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் கட்டி ஏறக்குறைய 14 நாள் புரோஜெஸ்டரோனைச் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் சுருங்கிவிடும். சுரக்கும் வரை அந்த ஹார்மோன் உட்சுவர்ச் செல்லுக்குள் போய்த் தனக்கென்று இருக்கும் ஏற்பியை (பூட்டுக்குச் சாவி போல ஹார்மோன் பொருந்தும் புரதம்) பிடித்துக்கொண்டு, எந்த மரபணு திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்று கங்காணி வேலை பார்க்கும். உட்சுவரைச் சாரம் கட்டியதுபோல் தாங்கும் கொலாஜன் என்ற புரதத்தை வெட்டுகிற மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகளைச் செய்ய விடாது. அதே சமயம் வேறு சில நொதிகளைக் கூடுதலாகச் செய்யச் சொல்லும். வலி கொடுக்கும் புரோஸ்டாகிளாண்டினைச் சிதைக்கும் நொதி ஒன்று. வீரியமான ஈஸ்ட்ரோஜனை வீரியம் குறைந்ததாக மாற்றும் நொதி இன்னொன்று.

புரோஜெஸ்டரோன் இறங்கியதும் எல்லாம் மாறும். புரோஸ்டாகிளாண்டினைச் செய்யும் காக்ஸ்-2 நொதி கூடுகிறது, ரத்தக் குழாய் இறுகுகிறது, வயிற்றைப் பிடித்து இழுக்கிறது. நம் ஊரில் ஆளாளுக்குக் கைப்பையில் வைத்திருக்கும் பொன்ஸ்டான் என்ற வலி மாத்திரை தடுப்பது இந்தக் காக்ஸ் நொதிகளைத்தான். அந்தப் பக்கம் மெட்டலோபுரோட்டினேஸ் உற்பத்தி தொடங்கி உட்சுவரின் சாரத்தை அறுக்கிறது. நொதியைச் செய்து, வெட்டி, உதிர்க்க நேரம் பிடிக்கும். மாத்திரையை நிறுத்தி இரண்டு மூன்று நாள் கழித்து வருவது அதனால்தான். நோரெதிஸ்டரோன் புரோஜெஸ்டரோனின் வேடம் போட்டு அதே ஏற்பியில் உட்காருகிறது. அது எழுந்து போனால் கங்காணி இல்லாத தோட்டம். திங்கள் இரவிலிருந்து வியாழன் விடியல் வரை எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று சொன்னாள், அதுதான் என் நெஞ்சில் பால் வார்த்தது. 1940இல் மார்க்கீ என்பவர் குரங்கின் கருப்பை உட்சுவரிலிருந்து சிறு துண்டுகளை எடுத்து அதன் கண்ணுக்குள்ளேயே ஒட்டவைத்துக் கவனித்தாராம். ஹார்மோன் இறங்கியபோது அங்கேயும் குழாய் இறுகி ரத்தம் கசிந்தது. கண்ணுக்குள் எந்தப் பெரியம்மா கெட்ட ரத்தத்தை அடைத்து வைத்தார்?

பிற்காலத்தில் குரங்குகளிலேயே செய்த வேறு சோதனைகளில், ஹார்மோனை நிறுத்தி ஒன்றரை நாளுக்குள் திரும்பக் கொடுத்தால் ரத்தப்போக்கைத் தடுக்க முடிந்தது. குரங்குக் கணக்கு எனக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனாலும் செவ்வாய்க்கிழமை முழுக்க நான் வீட்டில்தான் இருந்தேன், மாத்திரை அலமாரியில்தான் இருந்தது.

பக்தியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வருடா வருடம் பத்துமலைக்குப் போகிறவள்தான் நான். தீட்டு என்று ஒதுங்குவது அவரவர் விருப்பம். கெட்ட ரத்தம் என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதையெல்லாம் நான் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து போனதால், மலாய் வழிப் படிப்புக்குத் தயார்படுத்த ஒரு வருடம் ரிமூவ் வகுப்பு. தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த ஒரு வருடத்திலேயே வெட்கப்பட்டு நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு கேட்டேன், "உங்க வீட்டில் டியூஷனுக்கு வசதி இருக்கா" என்று கேட்டு வேறு பிரிவில் போட்டார் ஆசிரியர். வசதி இல்லைதான். அதைப் பத்துப் பேர் முன்னால் கேட்க வேண்டுமா? இன்று எண்ணெயில் தனியாகப் பிரிந்த கொழுப்பு அமிலம் 5 சதவிகிதம் தாண்டாமல் பார்க்கும் வேலை என்னுடையது. அடிபட்ட பழத்தில் அந்த அமிலத்தை ஏற்றிவிடுவதும் ஒரு நொதிதான், லைபேஸ். சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

உங்களுக்கு: கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியதோ, குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்ததோ இருந்தால் இந்த மாத்திரைக்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள். இதில் கொஞ்சம் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, அது ரத்தம் கட்டும் வாய்ப்பைக் கூட்டலாம். நிறுத்திய பிறகு வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக வந்தால் பயம் வேண்டாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தால் கிளினிக்குக்குப் போங்கள். வேண்டுதல் முடிந்து வீட்டுக்கு வரும் வரைக்கும் ஸ்ட்ரிப்பில் மாத்திரை இருக்கிறதா என்று இன்றே எண்ணிவிடுங்கள். யாராவது ஸ்ட்ரிப்பை எடுத்துப் பார்த்தால், வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள்.