கழுத்தில் போடும் நரம்பு ஊசி: ஆம்புலன்ஸிலேயே கிடைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பெரிய மாரடைப்புக்குப் பிறகு இதயம் பம்ப் செய்யும் திறன் 30 சதவீதம்தான் என்று சொல்லி, நெஞ்சில் ஐசிடி கருவி (ஆபத்தான துடிப்பு வந்தால் தானாக ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்தார்கள். போன மாதம் ஒரே இரவில் அது நான்கு முறை ஷாக் கொடுத்தது. மருத்துவமனையில் மருந்துகளுக்கு அடங்காமல், கழுத்தில் ஒரு ஊசி போட்ட பிறகுதான் நின்றது. வெளிநாட்டில் இதயம் நின்றுபோனவர்களுக்கு இந்த ஊசியை ஆம்புலன்ஸிலேயே போடுகிறார்களாமே? 108-இல் கேட்டால் போடுவார்களா? வீட்டில் விழுந்துவிட்டால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: 108-இல் போடமாட்டார்கள். அது அவர்கள் குறையில்லை. அந்த வண்டியில் வருபவர் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர், மருத்துவர் அல்ல. இந்த ஊசியோ கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்களுக்குப் பக்கத்தில் போடுவது. இதை மருத்துவமனைக்கு வெளியே செய்து பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் இத்தாலியின் பவியா நகரத்து இதயநோய் மருத்துவர்கள். அங்கே அவசர அழைப்புக்கு மருத்துவரே வண்டியில் போகும் ஏற்பாடு இருப்பதால்தான் அது சாத்தியமாயிற்று.

உங்கள் கணவருக்கு அந்த இரவு நடந்ததை மருத்துவத்தில் 'எலெக்ட்ரிக்கல் ஸ்டார்ம்' என்பார்கள். 24 மணி நேரத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை ஆபத்தான தாளக் கோளாறு வந்தால் இந்தப் பெயர். கழுத்தின் அடிப்பகுதியில், முதல் விலா எலும்பின் முன்னால், ஸ்டெல்லேட் கேங்லியான் என்ற நரம்பு முடிச்சு இருக்கிறது. அவருக்குப் போட்ட ஊசி இதை மரத்துப்போகச் செய்வதற்குத்தான். பயமோ வலியோ வந்தால் இதயத்தை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் போகின்றன. இடது பக்க முடிச்சின் செல்வாக்கு இதயத்தின் கீழ் அறைகளில் அதிகம். அதை அடக்கினால் இதயம் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிதுடிப்புக்குள் எளிதில் விழுவதில்லை என்பதை 1970-களிலேயே விலங்குகளில் காட்டிவிட்டார்கள். அதற்கும் முன்பே, 1916-இல், ருமேனியாவின் தோமா யோனெஸ்கு நெஞ்சுவலியால் தவித்த ஒருவருக்கு இந்த நரம்புகளை அறுவை செய்து நீக்கியிருக்கிறார். ஆக, யோசனை பழையது. ஆம்புலன்ஸுக்கு வந்தது மட்டும்தான் புதிது.

இதயம் நின்று கிடக்கும்போது இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். வென்ட்ரிகுலர் (கீழ் அறைகளின்) ஃபிப்ரிலேஷனில் இதயம் அசையாமல் நிற்பதில்லை; ஒழுங்கில்லாமல் துடிதுடித்துக்கொண்டு, ரத்தத்தை மட்டும் தள்ளாமல் இருக்கிறது. ஷாக் கொடுத்தால் பலருக்குச் சரியாகிவிடும். மூன்று ஷாக் கொடுத்தும் அடங்காவிட்டால், அல்லது அடங்கி அடங்கித் திரும்ப வந்தால், அது பிடிவாதமான வகை. இங்கே ஒரு சங்கடம் உண்டு. நெறிமுறைப்படி 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் ஏற்றுகிறோம். அது ரத்தக்குழாய்களைச் சுருக்கி இதயத்தசைக்கும் மூளைக்கும் ரத்தம் போக உதவும். ஆனால் அதே மருந்து, ஏற்கெனவே கொந்தளித்துக் கிடக்கும் இதயத்தை மேலும் கிளறவும் செய்யும். உடம்பு தானாகச் சுரக்கும் அட்ரினலினும் கூடச் சேர்ந்துகொள்கிறது. நரம்பு முடிச்சை மரத்துப்போகச் செய்வது இந்தச் சுழலை நரம்புப் பக்கத்திலிருந்து அறுக்கும் முயற்சி.

போடும் விதம் இப்படி: மூச்சுக்குழாய்க்கும் கழுத்தின் பக்கவாட்டில் துடிக்கும் கரோட்டிட் குழாய்க்கும் இடையில் விரல்களால் அழுத்தி, குழாயை வெளிப்பக்கமாக ஒதுக்கிப் பிடிப்பார்கள். விரல் நுனிக்கு ஆறாவது கழுத்து முள்ளெலும்பின் மேடு தட்டுப்படும். ஊசி எலும்பைத் தொட்டதும் சற்றுப் பின்னிழுத்து, ரத்தம் வருகிறதா என்று உறிஞ்சிப் பார்த்து, லிடோகெய்ன் போன்ற மரப்பு மருந்தை மெதுவாகச் செலுத்துவார்கள். மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே போடுவார்கள், அதுதான் பாதுகாப்பானது. சாலையோரத்தில், ஒருவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்க, கழுத்து குலுங்கும் நிலையில் இதைச் செய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மருந்து தவறிப்போய் முள்ளெலும்புத் தமனிக்குள் போனால் உடனே வலிப்பு வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கழுத்துக்குள் ரத்தம் கட்டவும் கூடும். இடது இமை தொங்குவதும், அந்தக் கண்ணின் பாவை சுருங்குவதும் ஊசி வேலை செய்ததற்கு அடையாளம். சில மணி நேரத்தில் சரியாகிவிடும். ஆனால் ஊசி போட்ட விஷயம் தெரியாத அடுத்த மருத்துவர், பாவைகளின் அளவு வேறுபடுவதைப் பார்த்து மூளைப் பாதிப்பு என்று நினைத்துவிடலாம்.

பலன் உண்டா? ஐசிடி வைத்தவர்களின் எலெக்ட்ரிக்கல் ஸ்டார்முக்கு ஆதாரம் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. 19 மையங்களில் 131 நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்த ஸ்டார் ஆய்வில், ஊசிக்குப் பிறகான ஒரு மணி நேரத்தில் தாளக் கோளாறுகள் வெகுவாகக் குறைந்தன. 184 ஊசிகளில் பெரிய சிக்கல் ஒன்றுதான். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பிய இதயநோய் சங்கத்தின் 2022 வழிகாட்டியும், மருந்துக்கு அடங்காத ஸ்டார்முக்கு இதை யோசிக்கலாம் என்ற அளவில் ஏற்றுக்கொள்கிறது. வீட்டிலோ தெருவிலோ இதயம் நின்றவர்களுக்கு அவ்வளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. அங்கே ஊசியைவிட வலுவான சான்று ஷாக் பேடுகளின் (ஷாக் கொடுக்க உடம்பில் ஒட்டும் பட்டைகளின்) இடத்தையும் ஷாக் கொடுக்கும் முறையையும் மாற்றுவதற்குத்தான் இருக்கிறது. கனடாவில் 405 பேரை வைத்து நடந்த டோஸ் விஎஃப் ஆய்வில், பிடிவாதமான ஃபிப்ரிலேஷனுக்கு வழக்கமான முறையில் ஷாக் கொடுத்தவர்களில் 13.3 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். பேடுகளை நெஞ்சிலும் முதுகிலுமாக மாற்றி ஒட்டியபோது 21.7 சதவீதம், இரண்டு கருவிகளால் அடுத்தடுத்து ஷாக் கொடுத்தபோது 30.4 சதவீதம். ஊசி கிடைக்காத ஊரில் இந்தப் பாடத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்வேன். இன்னொன்று: இசிஜியில் நேர்கோடாக, எந்த மின்னசைவும் இல்லாமல் கிடக்கும் இதயத்துக்கு இந்த ஊசியால் பயனில்லை.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். அவர் நினைவிழந்து, மூச்சு இல்லாமலோ விக்கி விக்கி இழுப்பது போலவோ இருந்தால், அதுவே இதயம் நின்றதற்கு அடையாளம். அந்த இழுப்பை மூச்சு என்று நம்பி, சோடா தெளித்துக் காத்திருப்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். 108-ஐ அழைத்து ஃபோனை ஸ்பீக்கரில் போடுங்கள். அவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஐசிடி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். உங்கள் கை பட்டிருக்கும்போது அது ஷாக் கொடுத்தால் லேசான கூச்சம் தெரியலாம், அவ்வளவுதான். அழுத்தவும் இல்லாமல், ஷாக்கும் கிடைக்காமல் போனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. எந்த ஊசியும் அதன் பிறகு வருவதுதான். பக்கத்தில் ஏஇடி கருவி (யார் வேண்டுமானாலும் ஷாக் கொடுக்க உதவும் தானியங்கிக் கருவி) கிடைத்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்; பேடை ஐசிடி மேட்டிலிருந்து 8 சென்டிமீட்டராவது தள்ளி ஒட்டுங்கள்.

ஐசிடி ஒருமுறை ஷாக் கொடுத்து, அவர் நன்றாக இருந்தால் அன்றே மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது முறை கொடுத்தாலோ, நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தாலோ நேரே அவசரப் பிரிவுக்கு. அவர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தானாக நிறுத்த விடாதீர்கள். ஊசி நரம்பில் செய்ததை அந்த மாத்திரை இதயத்தில் தினமும் செய்துகொண்டிருக்கிறது. வாந்தி, பேதி வந்தால் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலே ஸ்டார்ம் திரும்பலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். இடது ஸ்டெல்லேட் கேங்லியான் பிளாக் போட்ட தேதி, என்ன மருந்து, எவ்வளவு, பலன் எத்தனை மணி நேரம் நீடித்தது என்பதெல்லாம் அதில் இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். ஐசிடி அட்டையோடு சேர்த்து வையுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும், முன்பு ஸ்டார்ம் அடங்கியது இந்த ஊசிக்குத்தான் என்று தெரிந்தால் அவர்கள் அதை யோசிக்க நேரமெடுக்க மாட்டார்கள். நிரந்தரமாக அந்த நரம்பை நீக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. ஸ்டார்ம் திரும்பத் திரும்ப வந்தால் அவருக்கு அது பொருந்துமா என்று உங்கள் இதயநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.