மூக்கைக் கழிச்சுட்டு அளங்க

இந்தத் தடவை வந்த கேள்வியில முக்கால்வாசி ஃப்ளோரிடா பக்கத்து ஆளுங்க அனுப்பினது, எல்லாமே வாள்மீனப் பத்தி. நம்ம ஊர் வாளையும் இதுவும் ஒண்ணான்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. இல்லைங்க, வாளை பெல்ட் மாதிரி ஒல்லியா பளபளன்னு இருக்கிற மீன், இது மேல்தாடை நீண்டு கத்தி மாதிரி நிக்கிற பெரிய கடல் மீன், மயில் மீனுக்குத் தூரத்துச் சொந்தம்னு வேணா வெச்சுக்கலாம். சரி, கேள்விக்குப் போவோம்.

நாங்க ஆஃபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர். ஒருத்தர் சொந்தமா போட் வாங்கியிருக்கார், அதுல போய் வாள்மீன் பிடிக்கலாம்னு பிளான். ஆளுக்கு ஒண்ணுன்னு படிச்சேன், அப்ப ஆறு கொண்டு வரலாம்தானே? லைசன்ஸ் எல்லாருக்கும் வேணுமா?
— ஒரு வாசகர், ஃபோர்ட் லாடர்டேல்

நாலுதான். ஆளுக்கு ஒண்ணுங்கிறது சரி, ஆனா அந்த வரியிலயே அடுத்த பாதி இருக்கு, சொந்த போட்டுன்னா ஒரு ட்ரிப்புக்கு மொத்தம் நாலுக்கு மேல போகக்கூடாது, அதனால பத்து பேர் ஏறினாலும் நாலுதான், ரெண்டு பேர் போனா ரெண்டுதான். இதுவே காசு கட்டி சார்ட்டர் போட்டுல போனீங்கன்னா காசு கட்டின ஆளுக்கு ஒண்ணு, போட்டுக்கு மொத்தம் ஆறு வரைக்கும். கேப்டனையும் டெக் பையனையும் கணக்குல சேர்க்க முடியாது, அவங்க காசு கட்டலையே. நிறைய பேரை ஏத்திட்டுப் போற ஹெட்போட்டுன்னா பதினஞ்சு வரைக்கும்.

பெர்மிட் விஷயத்துலதான் எல்லாரும் குழம்புறாங்க. ஃபெடரல் பெர்மிட் மனுஷனுக்கு இல்ல, போட்டுக்கு. ஹெச்.எம்.எஸ் ஆங்லிங் பெர்மிட்னு பேரு, சூரை, சுறா, வாள்மீன் மாதிரி ஊர் ஊரா சுத்துற மீனுக்கெல்லாம் அது ஒண்ணுதான், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். போட்டுக்கு இருந்துட்டா அதுல ஏறின எல்லாருக்கும் செல்லும். ஃப்ளோரிடா மாநிலத்தோட கடல் மீன்பிடி லைசன்ஸ் தனி, அதை இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க. உங்க நண்பர் போட் வாங்கின சந்தோஷத்துல இந்த பெர்மிட்டை மறந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கு, மொதல்ல அதைக் கேளுங்க, ஐஸ் பாக்ஸ் எல்லாம் அப்புறம் வாங்கலாம்.

சார்ட்டர்ல போயிருந்தோம். நைட்டு பதினோரு மணிக்கு என் தம்பி ஒரு மீனை இழுத்தான், கண்ணால பாத்தாலே அஞ்சடி இருக்கும். கேப்டன் குச்சியை வெச்சுப் பாத்துட்டு "சின்னது"ன்னு சொல்லி கயித்தை வெட்டி விட்டுட்டார். லிமிட் 47 இன்ச்தானே? அஞ்சடின்னா 60 இன்ச் ஆச்சே? அவர் எங்களை ஏமாத்திட்டாரோன்னு தம்பி இன்னும் புலம்புறான்.
— ஒரு வாசகி, டாம்பா

உங்க கேப்டன் ரொம்ப சரியான ஆள்மா, தம்பிகிட்ட சொல்லுங்க. 47 இன்ச்ல அந்த வாள் சேராது. கீழ்த்தாடை நுனியில ஆரம்பிச்சு வால் ரெண்டா பிரியுற அந்தக் கவட்டை வரைக்கும் நேர்க்கோடா அளக்கணும், உடம்பு வளைவு மேல டேப்பைப் படுக்க வெச்சு அளந்தா ஒண்ணு ரெண்டு இன்ச் கூட வரும், அது செல்லாது. வாளோ மொத்த நீளத்துல மூணுல ஒரு பங்கு வரும், வால் நுனி வேற கவட்டையைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டையும் கழிச்சுட்டா உங்க அஞ்சடி மீன் நாப்பது இன்ச்சுக்கும் கீழ வந்து நின்னுரும்.

எனக்கே இது நடந்திருக்கு. முத தடவை போனப்ப வாள் நுனியில டேப்பைப் பிடிச்சது நாந்தான், "ஐம்பத்தெட்டு!"ன்னு கத்தினதும் நாந்தான், பக்கத்துல இருந்த வயசானவர் ஒண்ணும் சொல்லாம என் கையை டேப்போட பிடிச்சு கீழ்த்தாடைக்கு நகர்த்தினாரு, நாப்பத்தொண்ணு. அன்னைக்கு முழுக்க நான் வாயத் தொறக்கல.

இன்னொண்ணு, கேப்டன் ஏன் மேல தூக்கி அளக்காம குச்சியை வெச்சுப் பாத்தாருன்னா, விடப்போற மீனைத் தண்ணியை விட்டு வெளிய எடுக்கவே கூடாதுங்கிறது சட்டம். அதனால பழகின ஆளுங்க ஒரு கழியில 47 இன்ச்ல டேப் சுத்தி வெச்சிருப்பாங்க, இல்லன்னா போட்டோட பக்கவாட்டுலயே ரெண்டு கோடு போட்டிருப்பாங்க, மீனைத் தண்ணிக்குள்ளயே பக்கத்துல கொண்டு வந்து ஒத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க. சந்தேகமா இருக்கா, விட்டுருங்க. கொக்கியால குத்தி மேல ஏத்தினதுக்கப்புறம் 46 வந்துச்சுன்னா அந்த மீனும் போச்சு, நீங்களும் மாட்டிக்கிட்டீங்க.

தலையை வெட்டிட்டா வேற அளவு. செவுளுக்குப் பின்னாடி தோள்பட்டை மாதிரி ஒரு எலும்பு இருக்கு, அங்கேருந்து வால் அடியில பக்கவாட்டுல துருத்திட்டு இருக்கிற மேடு தொடங்குற இடம் வரைக்கும் 25 இன்ச். இதை மட்டும் உடம்பு வளைவோட சேர்த்து அளக்கணும், அங்க நேர்க்கோடு இங்க வளைவு, யாருக்குத்தான் குழப்பம் வராது. தலையை எடுத்து குடலைச் சுத்தம் பண்ணலாம், ஆனா கரைக்கு வர்றதுக்கு முன்னாடி துண்டு போடக்கூடாது. சுறா கடிச்ச மீனா இருந்தா மிச்சம் இருக்கிற உடம்பே அளவுக்கு வரணும், "கடிக்காம இருந்தா 60 இருந்திருக்கும் சார்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

அது என்ன 47? அம்பதுன்னு வெச்சுட்டுப் போக வேண்டியதுதானே. அந்த அளவுல மீன் முட்டை போட்டு முடிச்சிருக்குமா?
— ஒரு மாணவர், கெய்ன்ஸ்வில்

நல்ல கேள்வி, ஆனா பதில் கொஞ்சம் கசக்கும். 47 இன்ச்ங்கிறது 119 சென்டிமீட்டர். அட்லாண்டிக் சூரை வகை மீன்களுக்கான சர்வதேச ஆணையம் இக்காட், அது நாடுகளுக்கு ரெண்டு வழி குடுத்துச்சு. 125 செ.மீ.ன்னு வெச்சுக்கிட்டு நூத்துக்குப் பதினஞ்சு மீன் சின்னதா இருந்தாலும் பரவால்லன்னு விடலாம், இல்லன்னா 119ன்னு வெச்சுக்கிட்டு ஒரு இன்ச்சும் விட்டுக்குடுக்கக் கூடாது. அமெரிக்கா ரெண்டாவதை எடுத்துக்கிச்சு. அதனாலதான் 46 முக்கால் வந்தாலும் மேல சொன்ன அந்த கேப்டன் விட்டுருவாரு.

முட்டை போட்டிருக்குமான்னா, பொட்டை மீன் பெரும்பாலும் போட்டிருக்காது. அது பருவத்துக்கு வர நாலஞ்சு வருஷம் ஆகும், அப்ப நீளம் 119ஐ எப்பவோ தாண்டியிருக்கும். ஆண் சின்னதுலயே பருவத்துக்கு வந்துரும், பெருசாவும் வளராது, அதனால முந்நூறு பவுண்டு நானூறு பவுண்டுன்னு ஃபோட்டோ போடுற மீன் எல்லாம் கிட்டத்தட்ட பொட்டைதான். அதாவது 48 இன்ச் மீனை வீட்டுக்குக் கொண்டு வந்தா சட்டப்படி சரி, ஆனா அது இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத புள்ள. நான் ஐம்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தா விட்டுருவேன், அது என் சொந்தக் கிறுக்கு, யாரையும் கட்டாயப்படுத்தல.

ஆனா இந்த அளவும் சும்மா வந்துரல. 90கள்ல வட அட்லாண்டிக்ல நிலைமை மோசம், லாங்லைன்ல (ரொம்ப நீளமான ஒரே கயித்துல வரிசையா தூண்டில் தொங்கவிட்டுப் பிடிக்கிற முறை) வர்றதுல ஏகப்பட்டது குட்டி. 1998ல அமெரிக்கக் கிழக்குக் கரை பக்கத்து சமையல்காரங்க பல பேர் எங்க மெனுவுலயே வாள்மீன் இருக்காதுன்னு சொல்லிட்டாங்க. 1999ல இக்காட் பத்து வருஷத் திட்டம் போட்டுச்சு, 2001ல குட்டி மீன் அதிகமா திரியுற ஃப்ளோரிடா கிழக்குக் கரையில லாங்லைன் போடத் தடை வந்துச்சு, 2009ல மீன் பழையபடி தேறிடுச்சுன்னு அறிவிச்சாங்க. இன்னைக்கு மயாமிக்கு வெளிய பட்டப்பகல்ல 1500, 1800 அடி ஆழத்துக்கு ஒரு கணவாயை இறக்கிட்டு, கம்பு நுனி லேசா ஆடுதான்னு கண்ணு வலிக்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்களே (அது மொதல்ல வாளால ஒரு அடி அடிச்சுப் பாக்கும், அப்புறம்தான் திரும்பி வந்து வாயில வாங்கும்), அந்த விளையாட்டே அந்த மீன் திரும்பி வந்ததால வந்ததுதான்.

பிடிச்ச மீனை யாருக்கும் தெரியாம வீட்டுக்குக் கொண்டு போனா என்ன? மிச்சத்தைத் தெரிஞ்ச ஹோட்டலுக்குக் குடுக்கலாமா?
— பேர் போடாதவர்

பேர் போடாதது நல்லதாப் போச்சு. கரைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், ஆன்லைன்லயே அஞ்சு நிமிஷ வேலை. மேரிலாண்ட், வட கரோலினாவுல இறங்கினா ரிப்போர்ட் எடுக்குற இடத்துல கேட்ச் கார்டு எழுதிக் குடுத்து டேக் வாங்கி மாட்டணும். விக்கிறது கூடவே கூடாது, பொழுதுபோக்குக்குப் பிடிச்சது வீட்டுக்குத்தான்.

இத்தாலியில இந்த 47 செல்லுமா அண்ணா?
— ஒரு தம்பி, பலெர்மோ

செல்லாது தம்பி, மத்தியதரைக் கடல் மீன் தனிக் கூட்டம், சட்டமும் தனி. அங்க 100 செ.மீ., இல்லன்னா 11.4 கிலோ. பொழுதுபோக்குக்குப் போற போட்டுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, ஆளுக்கு இல்ல, போட்டுக்கு. அந்த போட்டுக்கும் அனுமதி இருக்கணும். வருஷத்துல மூணு மாசம் தொடவே கூடாது, நாட்டுக்கு நாடு ரெண்டு விதமா வெச்சிருக்காங்க, ஒண்ணு ஜனவரியிலேருந்து மார்ச் முடியுற வரைக்கும், இல்லன்னா அக்டோபர் நவம்பரும் வசந்தத்துக்கு முன்னாடி ஒரு மாசமும். உங்க துறைமுக ஆஃபீஸ்ல எதுன்னு கேட்டுக்கோங்க.

வீட்டுக்காரர் பெரிய மீன் கொண்டு வந்து ஃப்ரீசர் ரொப்பி வெச்சிருக்கார். பொண்ணு ஏழு மாசம் கர்ப்பம், பேரனுக்கு மூணு வயசு. குழம்பு வெக்கலாமா?
— ஒரு அம்மா, ஆர்லாண்டோ

பொண்ணுக்கும் பேரனுக்கும் வேண்டாம்மா. மத்த மீனைத் தின்னு வளர்ற பெரிய மீன் இது, மெர்குரி உடம்புல சேந்துக்கிட்டே போகும். உணவு, மருந்தைக் கண்காணிக்கிற அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ.வோட தவிர்க்க வேண்டிய பட்டியல்ல வாள்மீன் இருக்கு, கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க, சின்னப் புள்ளைங்க மூணு பேருக்கும். நீங்களும் அவரும் தடியா துண்டு போட்டு, மொளகாத்தூள் மஞ்சத்தூள் தடவி தவாவுல வறுத்துச் சாப்பிடுங்க, வஞ்சிரம் மாதிரியே உதிராம வரும். அதே பட்டியல்ல சுறாவும் இருக்கு. பிள்ளை பெத்தவளுக்குப் பால் ஊறும்னு சுறாப்புட்டு கிண்ட உங்க வீட்டுல யாராவது இப்பவே திட்டம் போட்டிருந்தா, அதையும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யச் சொல்லுங்க.