மீண்டு வந்தால் இயற்பியல் மாற்றமா?

அன்புள்ள ஐயா,
ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், உப்பு நீரில் கரைவதை வேதியியல் மாற்றம் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்தாள். நீரை வற்றவைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கிறது, எனவே அது இயற்பியல் மாற்றம்தான் என்றேன். அவள் ஏற்கவில்லை. "புத்தகத்தில் உள்ளதை எழுது, வாதம் வேண்டாம்" என்றுவிட்டேன். சரிதானே? நல்ல காணொளிகள் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

காணொளி எதற்கு? மதிப்பெண்ணும் போகட்டும். வாதம் வேண்டாம் என்றீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் குழந்தை யோசித்திருக்கிறாள், அம்மா!

உப்பில் சோடியம், குளோரைடு அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், இறுகப் பிணைந்திருக்கின்றன. வெப்பத்தால் உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். நீரோ சாதாரண வெப்பநிலையிலேயே அவற்றைப் பிரித்துச் சூழ்ந்துகொள்கிறது. புதிய சேர்மம் உண்டாகாததால் பாடநூல் அதை இயற்பியல் மாற்றம் என்கிறது. பிணைப்பு குலைந்ததைக் கருதுபவர் மறுத்துப் பேச இடமிருக்கிறது.

ஆனால் நீங்கள் சொன்ன காரணம் தவறு. பள்ளி ஆய்வகத்தில் எங்கள் ஆசிரியர் மயில்துத்தத்தை, அதாவது நீர் பிணைந்த காப்பர் சல்பேட் படிகத்தை, சோதனைக் குழாயில் இட்டுச் சூடாக்கினார். நீலப் படிகம் வெளுத்துத் தூளானது. குழாயின் வாயருகே நீர்த்துளிகள் படிந்தன. ஆறிய தூளில் சில சொட்டு நீர் விட்டார். நீலம் திரும்பியது, குழாயும் சூடேறியது. "மீண்டுவிட்டதே, இது இயற்பியல் மாற்றமா?" என்று கேட்டார். வகுப்பே வாயடைத்துப் போனது. படிகத்தோடு பிணைந்திருந்த நீர் மூலக்கூறுகள் பிரிந்து மீண்டும் பிணைந்தன. அது வேதியியல் மாற்றம். உடைந்த கண்ணாடி தானாக ஒட்டுவதில்லை. அதற்காக உடைவதை வேதியியல் என்போமா?

பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் பாதரசத்தைப் பன்னிரண்டு நாட்கள் கொதிநிலையை ஒட்டியே சூடாக்கி வைத்திருந்தார். அதன்மேல் சிவப்புத் தூள் படர்ந்தது. கருவியில் இருந்த சுமார் 50 கன அங்குலக் காற்று 42, 43 ஆகக் குறைந்தது. அந்தத் தூளை இன்னும் கடுமையாகச் சூடாக்கினார். பாதரசம் திரும்பியது, 7, 8 கன அங்குல வாயுவும் வெளிவந்தது. அதில் மெழுகுவர்த்தி கண்கூசும்படி எரிந்தது. அதுதான் ஆக்சிஜன். எஞ்சியிருந்த காற்றோடு அதைக் கலந்ததும் பழைய காற்றே கிடைத்தது. 1789-இல் வெளியான தம் நூலில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். போனது அத்தனையும் திரும்பி வந்ததால்தானே காற்றில் எது பாதரசத்தோடு சேர்ந்தது என்பதை அவரால் காட்ட முடிந்தது! உங்கள் விதிப்படி இதுவும் இயற்பியல் மாற்றமாகிவிடும்.

இன்றே மகளை அருகில் உட்காரவைத்து, ஏன் அப்படி எழுதினாள் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள்.