துக்கம் கட்டியாகுமா? புற்றுநோய்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, கவலையைப் பற்றியவை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பச்சி இறந்த மறு வருடமே ஆத்தாவுக்கு மார்பில் கட்டி. "அழுது அழுதே வரவழைச்சுக்கிட்டா" என்கிறார்கள் உறவில். ஆத்தாவும் நம்பிவிட்டார். உண்மையா? (தேவகோட்டை)

இல்லை. கையில் தட்டுப்படும் அளவுக்கு மார்பகக் கட்டி வளரப் பெரும்பாலும் பல வருடங்கள் ஆகும். அப்பச்சி திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்த நாளிலேயே அது உள்ளே முளைவிட்டிருக்கும். ஐரோப்பாவில் சுமார் 1,16,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013-ல் வந்த ஆய்வில், வேலை அழுத்தத்துக்கும் புற்றுநோய் வருவதற்கும் தொடர்பு தென்படவில்லை.

அதற்காக மனம் வேறு, உடல் வேறு என்று சொல்ல மாட்டேன். நெடுநாள் பதற்றத்தில் நரம்பு நுனிகள் நார்-அட்ரினலின் என்ற பதற்றச் சுரப்பைக் கொட்டும்; சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசோல் என்ற ஹார்மோனை விடும். கார்டிசோல் தற்காப்பு அணுக்களை அடக்கிவைக்கும். நார்-அட்ரினலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் சில கட்டிகளின் செல்களிலேயே உண்டு. எலிகளை அடைத்துவைத்து வாட்டியபோது, அவற்றின் உடலில் செலுத்தியிருந்த சினைப்பைப் புற்று வேகமாக வளர்ந்தது. புது ரத்தக் குழாய்களும் முளைத்தன. இந்த ஆய்வு 2006-ல் வந்தது. அங்கேயும் கட்டியைக் கொண்டுபோய் வைத்தவர்கள் ஆய்வாளர்கள்தான். இருக்கிற கட்டிக்குத் தீனி போடுவது வேறு, இல்லாததை உண்டாக்குவது வேறு.

"ஆத்தாவுக்குத் தெரியாம எழுதுறேன்" என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். இந்தப் பதிலை அவர் காதுபட உரக்கப் படியுங்கள்.

வயது 63, மார்பகப் புற்று. மாதவிலக்கு நின்று 13 வருடம் ஆச்சு. பிறகு எதற்கு ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை? (காரைக்குடி)

சினைப்பை ஓய்ந்தாலும், உங்களுடையது போன்ற கட்டிக்குத் தீனி போடும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஓய்வதில்லை, ஆச்சி. அட்ரினலில் இருந்து வரும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை உடம்புக் கொழுப்பில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக்கிவிடும். நீங்கள் சாப்பிடும் லெட்ரோசோல் அந்த நொதியை முடக்குகிறது. 1895-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர் முற்றிய மார்பகப் புற்றுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்த்தார், கட்டி சுருங்கியது. ஏன் என்று அன்றைக்கு விளங்கவில்லை. மூட்டுவலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரையை மாற்ற வழி உண்டு, நீங்களாக நிறுத்தாதீர்கள். வெள்ளைப் பணியாரத்தை விடச் சொல்லவில்லை, எடை ஏறாமல் பாருங்கள்.

கன்னத்துக் கட்டியை எடுத்தபின் ரிப்போர்ட்டில் 'நரம்பைச் சுற்றிப் பரவல்' என்று இருக்கிறது. மூளைக்கு ஏறிவிட்டதா? (கானாடுகாத்தான்)

அப்படிப் பொருள் இல்லை. கட்டியை ஒட்டி ஓடிய நரம்பின் உறையோரமாகப் புற்றுச் செல்கள் ஊர்ந்திருக்கின்றன. புற்று, நரம்பை வெறும் பாதையாக மட்டும் பயன்படுத்துவதில்லை. தான் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளால் நரம்பிழைகளைத் தன் பக்கம் இழுக்கும். நரம்பு சுரப்பவை புற்றுக்கு உரமாகும். எலிகளின் புராஸ்டேட் புற்றில் தானியங்கி நரம்புகளை (நம் விருப்பமின்றித் தானாக வேலை செய்பவை)ச் செயலிழக்கச் செய்தபோது கட்டி தடுமாறியதை 2013-ல் காட்டினார்கள். அந்தப் பகுதியில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுவதால்தான் உங்களுக்குக் கதிர்வீச்சு பற்றிப் பேசுகிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

"புகையிலை போடுறதில்ல, வெறும் பாக்குதான்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் அப்பத்தாவின் வெற்றிலைச் செல்லம் இன்னும் பரணில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் இப்போதும் பாக்கு வாசம். ஆனால் பாக்கே புற்றை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதைச் சந்தேகமின்றி வகைப்படுத்திவிட்டது.

இம்யூனோதெரபி எடுக்கும் ஐயாவுக்கு எதிர்ப்புச் சக்திப் பொடி கொடுக்கலாமா? மூன்றாவது ஊசிக்குப் பிறகு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். (பள்ளத்தூர்)

பொடியை விடுங்கள், அந்தச் சோர்வுதான் என்னை உறுத்துகிறது. புற்று, நம்மைக் காக்கும் டி-செல்கள் என்ற வெள்ளை அணுக்களின் பிரேக்கைத் தன் காலால் மிதித்துக்கொண்டிருக்கும். இந்த ஊசி அந்தக் காலைத் தட்டிவிடுகிறது. இதற்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-ல் நோபல் பெற்றார்கள். பிரேக் விடுபட்ட அணுக்கள் சிலருக்குத் தைராய்டையோ மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியையோ அட்ரினலையோ தாக்கும். அப்போது ஹார்மோன் வற்றி ஆள் துவண்டுபோவார். "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் தைராய்டு, கார்டிசோல், சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் இறங்குதல் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிரஷர் மாத்திரை புரோப்ரனலால் புற்றைத் தடுக்குமாமே? (கண்டனூர்)

சிறிய ஆய்வுகள் நடக்கின்றன; சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம், ஆஸ்துமா இருந்தால் மூச்சை அடைத்துவிடும்.