செலே ஆற்றோடு இறங்குங்கள்: பிரான்ஸில் ஓர் அமைதியான சைக்கிள் வழி

"பிரான்ஸ் கிராமங்கள் வழியாக, வண்டி நடமாட்டம் குறைந்த சாலைகளில், இடைக்கால ஊர்களைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து நாள் சைக்கிளில் போக வேண்டும். எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் எல்லாரும் லுவார் ஆற்றங்கரையைத்தான் சொல்வார்கள். நல்ல வழிதான். சமதரை, தெளிவான வழிகாட்டிப் பலகைகள், வரிசையாக அரண்மனைகள். ஆனால் கோடையில் அங்கே கூட்டம் அதிகம். பேர்பெற்ற அரண்மனைகளில் பலவும் மறுமலர்ச்சிக் காலத்தவை. அமைதியும் இடைக்காலமும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் தென்மேற்கே லொத் மாவட்டத்துக்கு வாருங்கள். அங்கே செலே என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. நான் தூலூஸில் வேலை பார்க்கிறேன். இதுவரை நான்கு முறை அந்த ஆற்றோடு சைக்கிளில் போயிருக்கிறேன். ஐந்தாவது முறையும் போவேன்.

முதலில், இது ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது தெரிந்தால் பிரான்ஸில் வேறு எங்கேயும் நீங்களே வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம். மிஷ்லான் வரைபடத்தை விரித்தால் பெரிய சாலைகள் சிவப்பு, அடுத்தவை மஞ்சள், ஊருக்கு ஊர் போகும் சின்னச் சாலைகள் வெள்ளை. அழகான சாலை என்றால் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு இருக்கும். சிவப்பை விட்டுவிட்டு, பச்சைக் கோடு போட்ட மஞ்சளையும் வெள்ளையையும் சேர்த்துக் கோத்துக்கொண்டே போக வேண்டும். அதிலும் ஒரு சிற்றாற்றை ஒட்டிய சாலை கிடைத்தால் விடாதீர்கள். செலே பள்ளத்தாக்கில் ரயில் கிடையாது, பெரிய ஊர் எதுவும் கிடையாது. ஃபிஜாக்குக்கும் கஓருக்கும் அவசரமாகப் போகிறவர்களுக்கு வேறு சாலைகள் இருக்கின்றன. வளைந்து வளைந்து போகும் டி 41 சாலை மிச்சமுள்ளவர்களுக்கு, அதாவது நமக்கு.

தொடங்க வேண்டிய ஊர் ஃபிஜாக். தூலூஸிலிருந்து வட்டார ரயிலில் இரண்டரை மணி நேரம் வாக்கில் ஆகும். பாரிஸிலிருந்து வந்தால் ஓஸ்தர்லித்ஸ் நிலையத்தில் ஏறி, பிரீவில் மாறலாம். வட்டார ரயில்களில் சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் பொதுவாக இல்லை. நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்கும் முன்பதிவு செய்ய வேண்டும், மறந்துவிடாதீர்கள். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படித்துக் காட்டிய ஷம்பொலியோன் 1790-இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவர் வீட்டருகே ஒரு சின்ன முற்றத்தில், அந்த எழுத்துகளைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லின் பிரம்மாண்டமான நகல் ஒன்றைக் கருங்கல்லில் தரையாகவே பதித்திருக்கிறார்கள். அதன் மேல் நடந்து போகலாம். ஊரின் வணிகர் வீடுகளை அண்ணாந்து பாருங்கள். மேல்மாடி சுவரில்லாமல் தூண்களோடு திறந்து கிடக்கும். பொருள்களைக் காயவைக்க அந்தக் காலத்தில் கட்டிய மாடி அது.

ஃபிஜாக்கை விட்டு வெளியேறும் முதல் சில கிலோமீட்டர் கொஞ்சம் பெரிய சாலை. காலையிலேயே கிளம்பிவிட்டால் அதுவும் தெரியாது. அப்புறம் டி 41-இல் திரும்பியதும் ஆறும் சாலையும் சேர்ந்து இறங்கத் தொடங்கும். செலே லொத் ஆற்றில் கலக்கும் இடம் வரை 50 கிலோமீட்டர் வாக்கில் வரும். ஒரே நாளில் முடித்துவிடலாம். தயவுசெய்து முடித்துவிடாதீர்கள். இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறுபக்கம் வால்நட் மரங்களும் சோள வயலும். சில இடங்களில் பாறை சாலைக்கு மேலேயே குடைபோல நீட்டிக்கொண்டிருக்கும். ப்ரெங்க் ஊர்ப் பக்கம் பாறையின் நடு உயரத்தில், குகை வாயை அடைத்துக் கட்டிய கற்சுவர்கள் தெரியும். ஊர்க்காரர்கள் அவற்றை "ஆங்கிலேயர் கோட்டை" என்பார்கள். இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிய நூறாண்டுப் போரின் நினைவு அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எஸ்பன்யாக் ஊரில் கண்டிப்பாக இறங்குங்கள். ஆற்றின் மறுகரையில் இருப்பதால் சாலையிலேயே போகிறவர்கள் தவறவிட்டுவிடுவார்கள். பாலத்தைத் தாண்டினால் பழைய கன்னிமடம் ஒன்று, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வீடுகள், அவ்வளவுதான் ஊர். தேவாலயத்தின் மணிக்கூண்டு மரச்சட்டமும் செங்கல்லும் சேர்த்துக் கட்டியது, மேலே எண்கோணக் கூரை. இந்த வட்டாரத்தில் எனக்கு மிகப் பிடித்த கட்டடம் அதுதான். ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரைப் பாதையின் ஒரு கிளை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போவதால், சின்ன ஊர்களில்கூட யாத்திரிகர் விடுதி கிடைக்கும். சைக்கிள்காரர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த பெரிய நிறுத்தம் மர்சியாக். பெனடிக்ட் சபையின் மடம் ஒன்று பாதி இடிந்து நிற்கிறது. நூறாண்டுப் போரில் சூறையாடப்பட்ட மடம். கூரை போன பகுதியில் தூண்களும் வளைவுகளும் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. இன்று உலகமே போகும் ரொக்காமதூர் திருத்தலம் ஒரு காலத்தில் இந்த மடத்தின் சொத்து. கவனிக்காமல் விட்டதால் துல் ஊர்த் துறவிகள் வந்து அமர்ந்துகொண்டார்கள். பிறகு நெடுங்காலம் வழக்கு. அந்த இடிந்த சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து இதை நினைத்துப் பார்த்தால் அந்த இடம் வேறு மாதிரி தெரிகிறது.

மர்சியாக்கில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. முதல் முறை போனபோது திங்கட்கிழமை. பையில் ஒரு துண்டு ரொட்டிகூட இல்லை. போகும் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். வழியில் திறந்திருந்த கடை ஒன்றுகூட இல்லை. மடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த யாத்திரிகர் அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, தன் ரொட்டியில் பாதியையும் ஆட்டுப்பால் சீஸ் ஒன்றையும் கொடுத்தார். அன்றிலிருந்து ஞாயிறு காலையே திங்கட்கிழமைக்கும் சேர்த்து வாங்கிவைத்துக்கொள்கிறேன். மற்ற நாள்களிலும் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை, சில இடங்களில் அதற்கு மேலும், கடைகள் மூடியிருக்கும். தண்ணீருக்குக் கவலை இல்லை. கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். "நோன் பொத்தாப்ல்" என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

காப்ரெரே ஊருக்கு மேலே இருப்பது பெஷ் மெர்ல் குகை. 1922-இல் பதின்வயதுப் பையன்கள் உள்ளே ஊர்ந்து போய்க் கண்டுபிடித்தது. புள்ளிபோட்ட இரண்டு குதிரைகள், சுற்றிலும் மனிதக் கை அச்சுகள், ஏறக்குறைய 29,000 ஆண்டுப் பழமை. பேர்பெற்ற லாஸ்கோ ஓவியக் குகையில் இப்போது நகலைத்தான் காட்டுகிறார்கள், இங்கே மூலத்தையே பார்க்கலாம். நாளொன்றுக்கு 700 பேரை மட்டுமே விடுகிறார்கள், ஆகவே முன்பதிவு தேவை. உள்ளே குளிரும். ஏறி வந்த வியர்வையோடு நுழைந்தால் நடுங்கிவிடுவீர்கள், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் சின்னதுதான், ஆனால் செங்குத்து. நான் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போவேன்.

அதற்குப் பிறகு செலே லொத்தில் கலந்துவிடும். பூசியெஸ் ஊரிலிருந்து சான் சீர்க் லப்போப்பி வரை, படகுகளைக் கயிறு கட்டி இழுப்பதற்காகப் பாறையைக் குடைந்து வெட்டிய பாதை ஒன்று ஆற்றோரம் போகிறது. குறுகலானது, நடப்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். அதை நடந்தே பாருங்கள். சைக்கிளுக்கு மேலே டி 40 சாலை இருக்கிறது. சான் சீர்க் ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கும் ஊர். கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் இங்கே வீடு வாங்கிக் கோடைகளைக் கழித்தார். ஜூலை, ஆகஸ்ட் பகலில் சந்துகளில் நகர முடியாது. ஆகவே அங்கேயே ஓர் இரவு தங்குங்கள். சாயங்காலம் பேருந்துகள் போனபின் ஊர் தன் முகத்தைக் காட்டும். மே, ஜூன், செப்டம்பர் என்றால் பகலிலும் பரவாயில்லை.

திரும்பும்போது லொத்தின் வலக்கரைச் சாலையை விட, கல்வின்யாக் வழியாகக் கஜார்க் போகும் இடக்கரைச் சாலை அமைதி. கஜார்க்குக்கு அப்புறம் ஃபிஜாக் வரை கொஞ்சம் வண்டிகள் வரும். முழுச் சுற்றும் 110 கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். கால் வலுவாக இருந்தால் ஒரு நாள் மேலே கோஸ் எனப்படும் சுண்ணாம்பு மேட்டுநிலத்துக்கு ஏறுங்கள். குட்டையான ஓக் மரங்கள், சாந்தில்லாமல் அடுக்கிய கல் குடிசைகள், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட செம்மறியாடுகள். வண்டிச் சத்தமே கேட்காது. நிழலும் இருக்காது.

இன்னும் சில விஷயங்கள். ஊர்களுக்குள் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற வண்டிக்கே முன்னுரிமை, சந்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும். மாலை மங்கினால் ஊருக்கு வெளியே ஒளிர் சட்டை சட்டப்படி கட்டாயம். சைவமாக இருந்தால், சாலட் என்று சொன்னாலும் வாத்தின் இரைப்பைத் துண்டுகள் வரக்கூடும், முன்கூட்டியே கேளுங்கள். ஆம்லெட்டும், சூடான ரொக்காமதூர் சீஸ் வைத்த வால்நட் சாலட்டும் நம்பிச் சாப்பிடலாம்.

ஐந்தாவது நாள் கையிலிருந்தால் ஃபிஜாக்கிலிருந்து கிழக்கே கோன்க் ஊருக்குப் போங்கள். அதற்கு ஏற்ற இறக்கம் உண்டு, முழு நாள் வேண்டும். தேவாலய வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பைச் செதுக்கியிருக்கிறார்கள், 12-ஆம் நூற்றாண்டுச் சிற்பம். மேற்கு பார்த்த வாசல் என்பதால் சாயங்கால வெயில் நேராக அதன்மேல் விழும். ஐந்து மணிக்குள் போய்ச் சேரும்படி கிளம்புங்கள்.