மரச்சீனி கம்போட கூடவே வர்ற பூச்சி

கேள்வி: அண்ணாச்சி, திருவட்டார் பக்கம் எனக்கு ஒரு ஏக்கர் விளை இருக்கு. பழைய ரப்பர முறிச்சிட்டு புதுசா கன்னு வச்சிருக்கேன், அது வளர்ற வரைக்கும் இடையில மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) போடலாம்னு யோசனை. சேலத்துல இருக்க மச்சான் நல்ல ரகமா நடுற மரச்சீனிக் கம்பு லாரியில ஏத்தி விடுறேன்னு சொல்றார். ஆனா அங்க மாவுப்பூச்சி விழுந்து நெறைய பேருக்கு நஷ்டம்னு கேள்விப்பட்டேன். பக்கத்து விளைக்காரரு, நம்ம ஊரு மழைக்கு அதெல்லாம் நிக்காதுங்கிறார். உண்மையிலயே எவ்வளவு ஆபத்து? முன்னாடியே மருந்து அடிச்சு வச்சிரலாமா?

பதில்: தம்பி, மொதல்ல மச்சானுக்கு போன் போட்டு லாரிய நிறுத்தச் சொல்லுங்க, மிச்சத்த பொறவு பேசலாம்.

இந்த மரச்சீனி மாவுப்பூச்சிக்கு சொந்த ஊரு தென் அமெரிக்கா. 1970கள்ல ஆப்பிரிக்காவுக்குள்ள போச்சு, 2008ல தாய்லாந்து, 2020ல நம்ம பக்கத்துல திருச்சூர், அதுக்கப்புறம் சேலம் நாமக்கல் பக்கம். பெண் பூச்சிக்கு ரெக்கையே கிடையாது, அப்புறம் எப்படி கடல் தாண்டிச்சுன்னா மனுஷன் கொண்டு போற கம்புலதான். கம்போட கணுவுல, மொட்டு இடுக்குல ஒட்டிக்கிட்டு இருக்கும், கட்டா கட்டி வச்சா கண்ணுக்கே தெரியாது. அதனால "வருமா"ங்கிற கேள்விக்கு விடை உங்க கையிலதான் இருக்கு தம்பி, வெளிய இருந்து கம்பு வந்தா ஆபத்து ரொம்ப ஜாஸ்தி, உள்ளூர்ல நல்ல மூட்டுல (செடியில) இருந்து வெட்டுனா குறைவு.

வந்தா பிழைக்குமான்னு அடுத்து பாக்கணும். இந்த இனத்துல ஆண் தேவையே இல்ல, ஒத்த பெண் பூச்சி தனியாவே நூத்துக்கணக்குல முட்டை போட்டு குடும்பம் ஆக்கிரும், அப்போ ஒரே ஒரு கம்புல ஒண்ணு வந்தாலும் போதும். பக்கத்து விளைக்காரர் சொல்றதுல பாதி சரிதான், நல்லா அடிச்சுப் பெய்யுற மழை இத கழுவி விட்டுரும். ஆனா தை மாசம் தொடங்கி பங்குனி வரைக்கும் நம்ம ஊருலயும் வெயில் காயத்தானே செய்யுது, அந்த மூணு மாசம் அதுக்கு கொண்டாட்டம். குஞ்சுகள் காத்துல அடிச்சிட்டுப் போயி அடுத்த விளையிலயும் ஏறும், உங்க சட்டையில ஒட்டிக்கிட்டும் போகும்.

சேதம் எவ்வளவுன்னா, ஆப்பிரிக்காவுல 80 சதவீதம் வரைக்கும் மகசூல் போன இடம் உண்டு. கொழுந்துல உக்காந்து சாறு உறிஞ்சும்போது இலை சுருங்கி, கணுவுக்கு கணு நெருங்கி, நுனி முட்டைக்கோஸ் மாதிரி குவிஞ்சிரும், இளம் பருவத்துல இது நடந்தா கிழங்கு பிடிக்கவே பிடிக்காது. மரச்சீனியும் மீன் குழம்பும் இல்லாம நாள் போகாத ஊரு நம்ம ஊரு, அதனாலதான் இத்தனை அழுத்திச் சொல்றேன்.

ஆனா வெள்ளையா எதப் பாத்தாலும் பயப்பட வேண்டாம். ஒரு பூச்சிய எடுத்து, மேல இருக்க மாவ மெல்ல துடைச்சுப் பாருங்க. உடம்பு ரோஸ் நிறமா இருந்தா இந்த பூச்சிதான்னு சந்தேகப்படலாம். மஞ்சளா இருந்தா பப்பாளி மாவுப்பூச்சியா இருக்கும், அது 2008ல கோயம்புத்தூர்ல தெரிஞ்ச பழைய ஆளு. சந்தேகம் வந்தா நுனிய ஒடிச்சு மூடுன பாட்டில்ல போட்டு பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல காட்டுங்க, இல்ல திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்துல இருக்க கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்துல காட்டுங்க, நமக்கு அது பக்கம்தானே.

பூச்சி வராமலே மருந்து அடிக்கிறது தப்பு தம்பி. மெழுகு மாவு மேல மருந்து சரியா ஒட்டாது, அடிச்சா செத்துப் போறது நமக்கு உதவுற குளவிதான். அனாகைரஸ் லோபெசின்னு ஒரு குட்டிக் குளவி, மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை வைக்கும், அந்த பூச்சி காஞ்சு பழுப்பு நிறத்துல கெட்டியா ஆயிரும். ஆப்பிரிக்காவ காப்பாத்துனது அதுதான். அந்த வேலைய முன்னின்று நடத்துன ஹான்ஸ் ஹெரனுக்கு 1995ல உலக உணவுப் பரிசு கிடைச்சுது. ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டுல இருந்து வரவழைச்சு 2022ல சேலம் மாவட்டத்துலயும் விட்டாங்க. இலையில அப்படி பழுப்புக் கூடு தெரிஞ்சா கிள்ளி எரிச்சிராதீங்க.

அந்த ரகம் வேணும்னே ஆசைன்னா, பூச்சி இல்லாத தோட்டத்துல வெட்டுன கம்பா கேளுங்க, இலை ஒண்ணுகூட இல்லாம வரணும். தாய்லாந்துல செஞ்ச மாதிரி தையாமெத்தாக்சாம்ங்கிற பூச்சிமருந்துக் கரைசல்ல அஞ்சு பத்து நிமிஷம் முக்கி எடுக்கலாம், அளவு வேளாண்மை ஆபீஸ்ல கேட்டுக்கங்க. மொதல்ல ஒரு மூலையில பத்து மூடு மட்டும் வச்சு ரெண்டு மாசம் கொழுந்தப் பாருங்க.

கேள்வி: ராஜாக்கமங்கலத்துல எங்க தென்னை ஓலையெல்லாம் கரி பூசுன மாதிரி கருப்பா இருக்கு, அடியில வெள்ளையா சுருள் சுருளா ஈ. மரம் செத்துருமா?

பதில்: சாகாதுக்கா. அது 2016ல பொள்ளாச்சிப் பக்கம் மொதல்ல தெரிஞ்ச சுருள் வெள்ளை ஈ. ஈ விடுற இனிப்பு நீர்ல வளர்ற பூஞ்சைதான் அந்த கருப்பு. மருந்து அடிக்காதீங்க, என்கார்சியான்னு ஒரு குளவி அதுவா வந்து சேரும். ஓலை அடியில தண்ணிய வேகமா பீச்சி அடிங்க, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க. பக்கத்துல வாழை இருந்தா அதோட இலை அடியிலயும் திருப்பிப் பாருங்க, அங்கயும் இருக்கும்.