ஓரக்கண்ணில் மினுக்கும் வெளிச்சம்: கேள்வி பதில்

கேள்வி: டியூப் லைட்டை நேராகப் பார்த்தால் சீராக எரிகிறது. முகத்தைத் திருப்பினால் ஓரக்கண்ணில் படபடக்கிறது. என் கண்ணில் கோளாறா சார்?

பதில்: கண் நன்றாகவே இருக்கிறது. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் நடுப்பார்வை வேண்டும். ஆனால் நல்ல வெளிச்சத்தில் வேகமான மினுக்கத்தை முதலில் பிடிப்பது ஓரப்பார்வைதான்; அங்கே உள்ள, ஒளியை உணரும் கூம்பு செல்கள் நடுவில் இருப்பவற்றைவிட விரைவாகச் செயல்படுகின்றன. பழைய சோக் வைத்த டியூப் லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். அது பெரும்பாலோருக்குத் தெரியாது. குழாய் பழசாகி முனை கறுத்ததும் அங்கே 50 தடவை மினுக்கமும் சேர்ந்துகொள்ளும். உங்கள் ஓரக்கண்ணுக்குப் படுவது பெரும்பாலும் அதுதான். குழாயை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: சின்ன விளக்கில் தெரியாத மினுக்கம் பெரிய திரையில் தெரிகிறதே?

பதில்: வெளிச்சப் பரப்பு பெரிதாக ஆக, மினுக்கம் எளிதில் தெரியும். கிரானிட், ஹார்ப்பர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1930-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. இருட்டில் கண்ணைத் திருப்பும்போது காதுப் பக்க ஓரத்தில் மின்னல் கீற்று போலத் தெரிகிறதாம். அறையில் விளக்கே இல்லை.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ் வயதாக ஆகச் சுருங்கி, விழித்திரையை விட்டு விலகும். விலகும்போது அதைப் பிடித்து இழுக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. இழுத்தாலும் அது வெளிச்சமாகத்தான் மூளைக்குச் சொல்லும். பலருக்கு இது தொந்தரவில்லாமல் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் விழித்திரை கிழியும். கிழிசலை உடனே கண்டுபிடித்தால் லேசரால் அடைக்கலாம். விட்டுவிட்டால் விழித்திரையே கழன்று பார்வை போகலாம். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. இன்றே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்ப்பார். திடீரென்று கரும்புள்ளிகள் கொட்டினாலோ, பார்வையின் ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல மறைந்தாலோ, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எனக்கு வளைந்து வளைந்து ரம்பப் பல் மாதிரி ஒளி தெரியும். அரை மணியில் போய்விடும். பிறகு தலைவலி. இதுவும் அதுதானா?

பதில்: நீங்கள் சொல்வது ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் வரும் ஒளிபோல இருக்கிறது. அது மூளையில் உண்டாவது. அடுத்த முறை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்: எந்தக் கண்ணை மூடினாலும் தெரிந்தால் மூளையிலிருந்து வருகிறது, ஒரு கண்ணில் மட்டும் என்றால் கண்ணைச் சோதிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, கை கால் மரத்துப்போனாலோ, பேச்சு குழறினாலோ, காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.